லாங் ஐலண்ட் பேரில் எழுதிய கிழங்கு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் குடைக்கு மேல் குடை. ஃபெர்ரி தாமதம். பக்கத்தில் ஒருத்தி மகனிடம் போனில்: "காயலன்னா ஈரத்தோட போட்டுக்கிட்டுப் போடா, ஒடம்புல காஞ்சுரும்." நியாயம்தான்.

அக்கரையில் எங்கள் மளிகை மொத்தக் கடையின் ஹேடோ குடோனைத் திறக்கும் முன்பே வாடை. மூட்டை தூக்கும் பீர்சா, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில். "தீதி, ஆலூ ஃபிர் சட் கயா." உருளைக்கிழங்கு மறுபடி அழுகிவிட்டதாம். அந்த 'ஃபிர்'தான் குத்தியது. போன மாதமும் இதே கதை.

இருபத்திரண்டு மூட்டை வெளியே போனது. அடியில் இருந்த மூட்டைகளைத் தூக்கியதும் தண்ணீராக ஒழுகியது. பினாயில் இரண்டு பாட்டில் ஊற்றியும் பயனில்லை. என் சேலை, முடி, டிபன் டப்பா எல்லாம் அந்த வாடை.

முட்டை மட்டும் ஒரு அட்டைகூட இல்லை. சென்னைக் கப்பலில் எங்களுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான், அதைக் கிழங்கு அடைத்துக்கொண்டால் முட்டை எங்கே ஏறும்? மூலை பேக்கரிக்காரர் போனில், "கிழங்குல கேக் போடச் சொல்றீங்களாம்மா?" இனி முட்டையும் மைதாவும் வேறு மொத்தக் கடையில் வாங்கிக்கொள்கிறாராம். எட்டு வருட வாடிக்கை.

மத்தியான ஃப்ளைட்டில் மாப்பிள்ளை வந்தார். எனக்கு அல்ல, முதலாளி அண்ணாச்சிக்கு மாப்பிள்ளை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருடம் முன்பு எங்கள் கடைக்குத் தானாக ஆர்டர் போடும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர். குடோன் வாசலிலேயே நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

வாங்க: தேங்காய் எண்ணெய், இவருக்கு பிளேடு, குடைக்குக் கம்பி.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எங்களிடம் வாங்கும் ஒன்பது தீவு ஊர்க் கடைகள், கேட்ட கிழங்குக்கு ஒன்பது கோடுகள். எட்டுக் கோடு முழங்கால் உயரம். லாங் ஐலண்ட் (இனி லா.ஐ., கை வலிக்கிறது) மட்டும் தென்னைமர உயரம்.

"அக்கா, அந்த ஊர்ல எத்தன பேர் இருப்பாங்க?"

"சின்ன ஊர் சார். ஒரு ஸ்கூல், ஒரு ஜெட்டி. நம்ம கிட்ட வாங்குறது ஒரே கடைதான்."

"அப்போ காலைல கிழங்கு, மதியம் கிழங்கு, தூங்கறதுக்குத் தலைகாணியும் கிழங்கா?"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் சொல்வது: லா.ஐ. வாரத்துக்கு ஐம்பது மூட்டை கேட்கிறது, அதில் பெரும்பகுதி அழுகல். எங்கள் வழக்கம், எந்த ஊருக்கென்று சரக்கு வந்ததோ, அழுகினால் அந்த ஊர் பேரிலேயே எழுதுவது. ஆகவே அழுகல் எல்லாம் லா.ஐ. பேரில்.

"மாமா, இந்த ஒரு கடைதான் மொத்த குடோனையும் நாறடிக்குது. கட் பண்ணிடுங்க. அந்தக் கடைக்காரருக்கு வேணும்னா பக்கத்துல ரங்கத் போய் எங்கயாவது வாங்கிக்கட்டும்."

அண்ணாச்சி யோசித்தார். லா.ஐ. கடைக்காரர் தங்கராசு அண்ணன் பழைய ஆள். இருந்தாலும் இருபத்திரண்டு மூட்டையின் வாடை அவர் சட்டையிலும்தான். "சரி. அடுத்த மாசத்துலேர்ந்து நிப்பாட்டிருவோம். பத்மா, ஒரு லெட்டர் அடிச்சு வையி."

அடித்தேன். நாலே வரி. 'தங்களுக்கு இதுவரை அளித்து வந்த' வரை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். தங்கராசு அண்ணனுக்கு மதுரைப் பக்கம். பதினாலு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் போனில் பேசுகிறோம், ஒருதரம்கூட நேரில் பார்த்ததில்லை. அவர் மகளுக்குக் குழந்தை பிறந்ததை எனக்குத்தான் முதலில் சொன்னார். எங்கள் சரக்கு நின்றால் அவர் கடையே நின்றுபோகும்.

இரவுக்கு ரசம், கருவாடு. கிழங்கு வேண்டாம்.

ஜூன் 11, புதன்

புதன் என்றால் ஆர்டர் நாள். ஒன்பது போன். இதுதான் பதினாலு வருடமாக என் வேலை. முன்பு நோட்டில் எழுதினேன், இப்போது கம்ப்யூட்டரில்.

டிக்லிபூர் ஆறு மூட்டை. மாயாபந்தர் ஏழு. நீல் நாலு. எல்லாம் சொன்னது சொன்னபடி.

கடைசியில் லா.ஐ. "தங்கச்சி, பத்து மூட்ட போடுத்தா. காத்து ஒரு மாதிரியா இருக்கு."

"சரிண்ணே."

போனை வைத்தேன். கை தானாக 25 என்று அடித்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் என்னிடம் இருபத்தைந்து சொல்லவில்லை. என் விரலேதான் சொன்னது. பதினாலு வருடமாக அதே விரல்.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறெங்கே எழுதுவது. சேர்த்துப் போடுகிறவள் நான்தான். கப்பல் தாமதமானால்? மழையில் இறக்க முடியாவிட்டால்? எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரு பதினைந்து மூட்டை குடோனில் கூட இருக்கட்டும் என்று போடுவேன். அதை லா.ஐ. வரியில்தான் போடுவேன். ஆரம்பத்தில் ஒருதரம் பாம்பூஃப்ளாட் வரியில் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி கேட்டார்: "எட்டிப் பாத்தா தெரியுத ஊருக்கு எதுக்குத்தா இம்புட்டு?" அன்றே அழித்துவிட்டேன். லா.ஐ. என்றால் ஒருத்தரும் கேட்பதில்லை. தூரம், காற்று, போட் கேன்சல். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏன் சேர்க்கிறேன்? வேலைக்கு வந்த புதிதில் கப்பல் நாள்கணக்கில் வரவில்லை. ஒன்பது ஊருக்கும் போன் போட்டு "இல்லை, இல்லை, இல்லை" என்று சொன்னேன். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் அழுதேவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த வாயால் இனி 'இல்லை' என்று சொல்ல மாட்டேன் என்று.

அதே வாய் இப்போது லா.ஐ.க்கு மொத்தமாக 'இல்லை' சொல்லப் போகிறது. லெட்டர் தயார்.

25ஐ அழிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கோழை.

ஜூன் 12, வியாழன்

அதிசயமாக வெயில். துணி எல்லாம் காய்ந்தது. சந்தோஷம்.

மாலை உப்பு தேடி அலமாரியைத் திறந்தால் உப்பு ஏழு பாக்கெட். பற்பசை ஐந்து. தீப்பெட்டி ஒரு கட்டு. அதற்குப் பின்னால் இன்னொரு கட்டு. இவர் (வீட்டுக்காரர், கரண்ட் ஆபீஸ்) பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"கடல் வத்திப்போனாலும் நம்ம வீட்டுல உப்பு இருக்கும் புள்ள."

பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். எல்லாவற்றையும் சொன்னேன். விரல், இருபத்தைந்து, லெட்டர். கேட்டார், கேட்டார், பிறகு சிரித்தார் மனிதர். அவர் சிரித்ததும் எனக்கும் பாதி பாரம் இறங்கியது, அது வேறு விஷயம்.

"போய்ச் சொல்லிடு."

"ஏலாது. வேலய விட்டு அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். உப்பு இருக்குல்ல."

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் படும் பாடு.

ஆபீஸில்: மாப்பிள்ளை லா.ஐ.யை நேரில் பார்த்துவிட்டு லெட்டரைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறாராம். "போன்ல கட் பண்றது மரியாத இல்ல மாமா." நல்ல பிள்ளைதான். அண்ணாச்சி என்னையும் கூடப் போகச் சொன்னார். "இவரு பேசுத தமிழு தங்கராசுக்குப் புரியாது. நீ போ."

எடுத்துப் போக: மாத்திரை, பிளாஸ்டிக் கவர் (மாப்பிள்ளைக்கு), மாற்றுச் சேலை, தங்கராசு அண்ணன் வீட்டுக்கு முறுக்கு.

ஜூன் 14, சனி. லா.ஐ.

விடியற்காலைக் கப்பல். மேகம். ஹேவ்லாக் தாண்டியதும் அலை. மாப்பிள்ளைக்கு மூன்று கவர் காலி. முகம் பச்சை. எதிர் சீட்டுப் பாட்டி ஒருத்தி எலுமிச்சை கொடுத்து, "முகர்ந்துகிட்டே இரு பேட்டா." முகர்ந்துகொண்டே இருந்தார். பாவமாக இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

ஜெட்டியில் தங்கராசு அண்ணன். குரலை வைத்து ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வருகிறார்! குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தவில்லை. "தங்கச்சியா? நான் ஒல்லியா இருப்பேன்னுல்ல நெனச்சேன்." சரி, கணக்குத் தீர்ந்தது.

ஊரில் கார் கிடையாது, ஆட்டோவும் அபூர்வம். ஜெட்டியிலிருந்து நடந்தோம். ஈரப் பாதை, பாக்கு மரங்கள், ஒரு கோழி எங்களுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டே போனது.

கடை. இதை விவரமாக எழுத வேண்டும். முன்பக்கம் ஒரு மேசை, தராசு, சோப்பு, பிஸ்கட் டின். பின்னால் ஒரே அறை, அதில்தான் அரிசி, எண்ணெய், கிழங்கு, சைக்கிள், பழைய டிவி, அண்ணி காயப்போட்ட துணி. மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போனார். வெளியே வந்தார். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து இன்னும் ஒருதரம் உள்ளே போனார்.

"அண்ணே, இதுதான் உங்க குடோனா? வேற எங்கயாவது இடம் இருக்கா?"

"வேற எங்குட்டுங்க? அம்புட்டும் இதுக்குள்ளதேன்."

"இதுல பன்னெண்டு மூட்டைக்கு மேல நிக்காதே."

"சைக்கிள வெளிய எடுத்தா பதிமூணு நிக்கும்."

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து அந்தத் தென்னைமரக் கோட்டைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வாரம் அம்பது மூட்டை கேட்டிருக்கீங்க."

"அம்பதா!" தங்கராசு அண்ணன் தராசுத் தட்டைக் கீழே போட்டுவிட்டார். "அய்யா, நான் பத்துதேன் கேப்பேன். அதுலயும் நெசமா விக்கிறது ஆறு. போட்டு வரலன்னா என்ன பண்றதுன்னு நாலு கூடச் சொல்லுவேன். அந்த நாலும் மொளவிட்டுப் பன்னிக்காரன் வீட்டுக்குப் போகும். தங்கச்சியக் கேளுங்க!"

தங்கச்சியைக் கேட்டார்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியும் எட்டிப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றேன். "பத்துன்னு சொன்னா நான் இருவத்தஞ்சு போடுவேன். மத்த ஊருக்கெல்லாம் சேத்து ஒரு பயத்துக்கு. இவங்க பேருல போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை லேப்டாப்பை மெதுவாக மூடினார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

தங்கராசு அண்ணன்தான் வாயைத் திறந்தார். "அப்ப எம்பேருல இம்புட்டு நாளா நீ தனியா கட நடத்திருக்க."

கோபமா கேலியா என்று புரியவில்லை. அண்ணி மட்டும் உள்ளே கூப்பிட்டு, "மொதல்ல சோறு சாப்பிடு," என்று கையைப் பிடித்தார். சூரை மீன் குழம்பு. மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன். வெட்கம் வயிற்றை அடைக்கும் என்பார்கள், எனக்கு அடைக்கவில்லை.

லெட்டர் மாப்பிள்ளை பையிலேயே இருக்கிறது. கொடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

திரும்பும் கப்பல். கடல் நல்ல பிள்ளையாக இருந்தது. மாப்பிள்ளை காகிதத்தில் படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டினார். ஆறு, பத்து, இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது.

"ஆறு பத்தாச்சு, அது அவர். பத்து இருபத்தஞ்சாச்சு, அது நீங்க. நாப்பது அம்பதாச்சு, அது என்னோட ப்ரோக்ராம். போன வாரம் கேட்டதுக்கு மேல கொஞ்சம் சேத்துக்கோன்னு நான்தான் எழுதி வச்சேன்." மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "நடுவுல இருபத்தஞ்ச நாப்பது ஆக்கினது யாரு?"

எனக்கு ஒரு ஊகம். சொல்லவில்லை. மாமனார் விஷயம்.

அவரும் ஊகித்துத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பறக்கும் மீன்கள். என் மனசு லேசாகத்தான் இருந்தது. வேலை போனாலும் சரி.

ஜூன் 16, திங்கள்

வேலை போகவில்லை!!

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். காலை பத்து மணி. அண்ணாச்சி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்ததும் நானே போய் நின்று சொன்னேன். பதினைந்து மூட்டை, பதினாலு வருடம், லா.ஐ. வரி. ஒரே மூச்சில்.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"நீயும் அதுலயாத்தா போட்டுக்கிட்டு இருந்த?"

நீயும்!

"நானும் மெட்ராசுக்கு லிஸ்ட் அனுப்பும்போது ஒரு பதினஞ்சு சேத்துப் போடுதேன். அங்க உள்ளவன் கொறச்சுத்தான் ஏத்துவான்னு. எந்த வரில போடுததுன்னு பாத்தேன். லாங் ஐலண்டுன்னா தூரம், கேக்க மாட்டான்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "மாமா, நீங்களுமா?"

"அட, ஒங்க மிசினும் பத்து போட்டிருக்குல்லா. மிசினுக்கு என்ன பயம்?"

பீர்சா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். தமிழ் நன்றாகவே புரியும் அவருக்கு. "தீதி, மை கியா போலூம், நான் என்ன சொல்ல? இத்தனை நாள் அம்பது மூட்டை ஏத்தி இறக்கின முதுகு என் முதுகுதானே?" இந்தியிலும் தமிழிலுமாக ஒரு பிடி பிடித்தார். அண்ணாச்சி அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார், சமோசாவுடன். சமோசாவுக்குள் கிழங்கு என்று பார்த்ததும் பீர்சாவே சிரித்துவிட்டார்.

ஆனால் லெட்டர் இன்னும் செத்துப்போகவில்லை. மாப்பிள்ளை: "உண்மையான நம்பர் ஆறுதான்னு அவர் சொல்றார். மழைக்காலம். போட் நிக்கும்போதும் ஆறோட இருக்க முடியுதான்னு பாக்கணும். ரெண்டு வாரம். திரும்ப அவர் பயந்து பத்து, இருபதுன்னு போனா இந்த ரூட் நமக்குக் கட்டுப்படியாகாது." அண்ணாச்சி சரி என்றார். ஜூலை 2 புதன்கிழமை முடிவு.

ஜூன் 18, புதன்

ஆர்டர் நாள். கனமழை, போனில் பாதி கேட்கவில்லை.

மாப்பிள்ளை இரண்டு கட்டம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். முதல் கட்டம் 'தேவை', கடையில் நிஜமாக விற்பது. இரண்டாவது கட்டம், யார் எவ்வளவு கூடச் சேர்க்கிறார்கள், அவரவர் பேரிலேயே. அதற்கு என்ன பேர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். "பயம்னு வைங்க சார்," என்றேன். விளையாட்டுக்குச் சொன்னேன், அப்படியே வைத்துவிட்டார். அழுகினால் எந்தக் கட்டத்தில் வந்ததோ அங்கேதான் எழுத வேண்டும்.

ஒன்பது ஊரிலும் கேட்டேன்: "அண்ணே, கேக்குறது வேணாம், போன வாரம் வித்தது எத்தன?" டிக்லிபூர்க்காரர், "ஏன், என்ன ஆச்சு, இன்கம்டாக்ஸா?" நீல் தீவுக்காரர் நாலு என்றவர் இரண்டரை என்றார். எல்லார் வீட்டிலும் உப்பு ஏழு பாக்கெட் போல.

தங்கராசு அண்ணன்: "ஆறு." குரலில் தெம்பில்லை.

'பயம்' கட்டத்தில் பத்மா என்று எழுதி 3 போட்டேன். என் பேருக்கு நேராக எண்ணைப் பார்ப்பது எப்படியோ இருந்தது. அண்ணாச்சி 5. ப்ரோக்ராமுக்கு 0, மாப்பிள்ளை உத்தரவு.

அவர் மாலை ஃப்ளைட்டில் சென்னை. போகும்போது, "வரேன்கா. பத்து நம்பர்ல ஒரு நம்பராவது நம்பலாம்னா வேலை சுலபம்," என்றார். நல்ல பிள்ளை. அடுத்த தரம் வந்தால் இட்லி கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கப்பலில் அல்ல.

ஜூன் 23, திங்கள்

சென்னைக் கப்பல் வந்தது. இது நாங்கள் திருந்துவதற்கு முன் போட்ட ஆர்டர், ஆகவே கிழங்குதான் பாதி. அண்ணாச்சி வந்த அன்றே அக்கம்பக்கத்து மொத்தக் கடைகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார், அழுகக் காத்திருக்காமல். அடுத்த கப்பலில் முட்டைக்கு நாற்பது பெட்டி இடம். பேக்கரிக்காரருக்குப் போன் போட்டேன். "பாப்போம்மா," என்றார். 'மாட்டேன்' இல்லை.

குடோனில் வாடை இல்லை. பீர்சா துண்டைத் தோளில் போட்டிருக்கிறார், மூக்கில் அல்ல.

இவருக்குச் சளி. கஷாயம்.

ஜூன் 27, வெள்ளி

காற்று. ஃபெர்ரியே ஆட்டம். வானிலை எச்சரிக்கை, மூன்றாம் நம்பர் கொடி என்று ஜெட்டியில் பேசிக்கொண்டார்கள். "கல் போட் பந்த்," என்று ஒருவர். நாளைய போட் இல்லை என்றால் லா.ஐ.க்குப் போக வேண்டிய ஆறு மூட்டை இங்கேயே நிற்கும்.

பத்து அனுப்பிக்கொண்டிருந்தால் அவரிடம் இப்போது கையிருப்பு இருந்திருக்கும். நான் சொல்லித்தானே ஆறு ஆக்கினார். விரல் அரித்தது. கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

ஜூன் 28, சனி

போட் ரத்து. மதியம் வரை ஜன்னலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு என்னைப் பார்த்து என்ன பயம். லா.ஐ.க்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை, அங்கே டவர் போய்விட்டது.

இவர் டார்ச் தேடினார். வீட்டில் டார்ச் மூன்று. முதல் தடவையாக என்னைப் பாராட்டினார்.

ஜூன் 30, திங்கள்

இன்றும் ரத்து. லா.ஐ. போன் இல்லை. அண்ணாச்சி மெதுவாக வந்து, "தங்கராசுட்ட கிழங்கு இருக்குமா?" என்றார். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. புதன்கிழமை அவர் நிச்சயம் இருபது கேட்பார். யாராக இருந்தாலும் கேட்பார்கள். கேட்டால் லெட்டர் போகும், கடை போகும். நான் சொன்ன ஒரு உண்மைக்கு அவர் விலை கொடுப்பாரா?

சாப்பாடு பிடிக்கவில்லை. ஒரு தோசை.

ஜூலை 1, செவ்வாய்

போட் போனது! ஆறு மூட்டை, பீர்சா நேரில் போய் ஏற்றினார். வெயில்.

ஜூலை 2, புதன்

வெயில். ஜெட்டியில் மீன் வியாபாரம் ஜோர்.

எட்டுப் போனையும் முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், பேப்பர் படிப்பதுபோல. பேப்பர் தலைகீழாக இருந்தது.

லா.ஐ. மணி அடித்தது.

"தங்கச்சி! நாலு நாளா போனு செத்துப்போச்சுத்தா."

"கிழங்கு இருந்துச்சாண்ணே? சமாளிச்சீங்களா?"

"ஓ. ஒன்ற மூட்ட இன்னும் கெடக்கு. நேத்து வந்த ஆறும் அப்பிடியே இருக்கு."

எழுந்து நின்றுவிட்டேன். ஜூன் 21 சனிக்கிழமை போன ஆறையும் பழைய மிச்சத்தையும் வைத்துப் பத்து நாள் ஓட்டியிருக்கிறார். கையிருப்பும் மீதம்.

"இந்த வாரம் எத்தனண்ணே?"

அண்ணாச்சி பேப்பரை மடியில் வைத்துவிட்டார்.

"தங்கச்சி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கப்படாது. அன்னைக்கு மாப்பிள்ளைக்கு முன்னாடி ஆறுன்னு சொன்னேன்ல. அதுலயும் ஒன்னு சேத்துத்தேன் சொன்னேன். நீ அம்புட்டுப் பேருக்கு முன்னால ஒத்துக்கிட்ட. நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஒரு மூட்டைய ஒளிச்சுட்டேன். ராத்திரி வீட்டுக்காரி என்னயத் திட்டுனா திட்டு, சொல்லி மாளாது."

"அப்ப நெசமா எத்தன?"

"அஞ்சு. நெசமே அஞ்சுதேன்."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பதினாலு வருடத்தில் முதல்தடவையாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உண்மையான எண். 'தேவை' கட்டத்தில் 5 என்று அடித்தேன்.

அண்ணாச்சி, "நிப்பாட்ட வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிரு," என்று எழுந்து போனார். கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன்.

"லாங் ஐலண்ட் எவ்ளோக்கா?"

"அஞ்சு."

"சேத்ததா, சேக்காததா?"

"சேக்காதது சார்."